காணிக்குள் பீவர் அணை கட்டினால்: ஒன்ராறியோவில் கண்ணி வைக்கப் போகிறவர்களுக்கு

கவார்த்தா ஏரிகளுக்கு வடக்கே ஒரு துண்டுக் காணி வாங்கினோம். வாங்கிய இரண்டாவது வசந்தத்தில் உள்ளே போகும் மண்பாதை முழங்கால் தண்ணீரில் கிடந்தது. பாதைக்கு அடியில் ஓடும் மதகுக் குழாயின் வாயைப் பீவர்கள் சேறும் தடியும் திணித்து அடைத்திருந்தன. நானும் மகனும் நான்கு நாட்கள் மண்வெட்டியால் பிரித்து எடுத்தோம். ஒவ்வொரு நாளும் விடியும்போது அது மறுபடி அடைபட்டிருந்தது. அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் தவறான சாமானுக்குக் காசு கொடுத்தேன், தவறான இடத்தில் கண்ணி வைத்தேன், ஒரு விலங்கை வீணாகத் துன்புறுத்தினேன். இந்த மூன்றும் உங்களுக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பெயரைப் பற்றி ஒரு சொல். பீவரை நம்மவர்கள் பலர் நீர்நாய் என்று சொல்கிறார்கள். நீர்நாய் மீன் தின்னும் வேறொரு விலங்கு. பீவர் மரப்பட்டை தின்னும் கொறிவிலங்கு; பெரியது இருபது கிலோவுக்கு மேல் நிற்கும். இரண்டும் ஒரே குளத்தில் இருக்கும். பீவருக்கு வைத்த கண்ணியில் நீர்நாய் மாட்டிச் சாவது உண்டு. ஆகவே கடையிலும் திணைக்களத்திலும் பேசும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

1. கொல்லத்தான் வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

பிரச்சினை மரங்கள் மட்டும் என்றால் கண்ணி தேவையில்லை. தடித்த கம்பி வலையை மரத்தைச் சுற்றித் தரையிலிருந்து நெஞ்சளவு உயரத்துக்குக் கட்டினால் போதும். மரத்துக்கும் வலைக்கும் இடையே ஒரு கை நுழையும் இடைவெளி விடுங்கள். குளிர்காலத்தில் பீவர் பனிக்குவியல் மேல் ஏறி நின்று வெட்டும் என்பதால் உயரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

மதகு அடைபடுவதுதான் பிரச்சினை என்றால், குழாய் வாயைச் சுற்றி அகலமான கம்பிவேலி போடலாம். அல்லது அணைக்கு ஊடாக ஒரு நீண்ட பிளாஸ்டிக் குழாயைச் செருகி, அதன் உள்வாயைக் குளத்தின் நடுவே கம்பிக்கூண்டுக்குள் வைக்கலாம். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும் இடத்தை அடைப்பது பீவரின் இயல்பு. குழாயின் வாய் தூரத்தில், ஆழத்தில் இருந்தால் அது எங்கே ஒழுகுகிறது என்று அதற்குத் தெரிவதில்லை. இதற்குச் சில நூறு டொலரும் இரண்டு நாள் உழைப்பும் ஆகும்.

முதல் வருடமே நான் இதைச் செய்திருக்க வேண்டும். நல்ல தண்ணீரும் பாப்லர் மரமும் உள்ள இடத்தில் ஒரு குடும்பத்தைப் பிடித்தால், ஓரிரு வருடத்தில் வேறொரு சோடி வந்து குடியேறும். இரண்டு வயது முடிந்த குட்டிகள் வசந்தத்தில் வீட்டை விட்டுக் கிளம்பி இடம் தேடும். கண்ணி வைப்பவர்களும் குழாய் வேலையை எப்படியும் செய்தே ஆக வேண்டியிருக்கிறது.

2. காகிதங்கள்

சாமான் வாங்குவதற்கு முன் இதை முடியுங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்.

ஒன்ராறியோவின் 1997 ஆம் ஆண்டு மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்தான் இங்கே அடிப்படை. அதன் 31 ஆம் பிரிவின்படி, உங்கள் சொத்துக்குச் சேதம் விளைவிக்கும் அல்லது விளைவிக்கப் போகும் விலங்கை உங்கள் சொந்தக் காணியில் நீங்கள் விரட்டலாம், பிடிக்கலாம், கொல்லலாம். தேவையற்ற துன்பம் கொடுக்கக்கூடாது. உங்களுக்குப் பதிலாக அனுமதிப்பத்திரம் உள்ள பொறிவேட்டைக்காரர் ஒருவரையும் அமர்த்தலாம். அணையைப் பொறுத்தவரை, உங்கள் சொத்தைக் காப்பாற்றுவதற்காக என்றால் பிரிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அது மீன்கள் முட்டையிடும் ஓடையாக இருந்தால் மத்திய அரசின் மீன்வளச் சட்டமும் குறுக்கே வரும்.

கண்ணியில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. எந்த வகைக் கண்ணியை யார், எந்தப் பகுதியில், எந்த மாதத்தில், தரையிலா தண்ணீரிலா வைக்கலாம் என்ற விதிகள் இடத்துக்கு இடம் மாறும். பக்கத்து ஊர்க்காரர் சொன்னதை நம்பி வைக்காதீர்கள். உங்கள் காணி எந்த வனவிலங்கு மேலாண்மைப் பிரிவில் வருகிறது என்று கண்டுபிடித்து, இயற்கை வள அமைச்சகத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். தொலைபேசியில் கேட்டால் விரைவாகப் பதில் கிடைக்கும்; ஆனால் எழுத்தில் கிடைத்த பதில்தான் பிறகு கைகொடுக்கும். எனக்குப் பதில் வர மூன்று வாரம் ஆனது.

கையில் வைத்திருக்க வேண்டியவை: காணி உறுதியின் பிரதி, எல்லை காட்டும் நில அளவைப் படம், திகதியுடன் சேதத்தின் படங்கள், குளம் அயலவர் காணிக்குள்ளும் பரவியிருந்தால் அவருடைய எழுத்துமூல அனுமதி. கடைசியில் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அணை உங்கள் பக்கம், பீவரின் வீடு அவர் பக்கம் என்று இருப்பது மிகச் சாதாரணம்.

ரோமத்துக்காக முறையாகப் பொறி வைக்க விரும்பினால் தனி அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்கு நாற்பது மணி நேரப் பாடநெறியும் தேர்வும் உண்டு. வகுப்புகள் அடிக்கடி நடப்பதில்லை, இடமும் குறைவு. இலையுதிர்காலத்தில் வேலை தொடங்க நினைப்பவர் கோடையிலேயே விசாரிக்க வேண்டும். பாடநெறி, அட்டை, அனுமதிப்பத்திரம் எல்லாம் சேர்த்து எனக்குச் சில நூறு டொலர் போனது. உங்கள் காணியோடு நிறுத்திக்கொள்பவராக இருந்தாலும் அந்தப் பாடநெறிக்குப் போங்கள் என்றே சொல்வேன். மற்றவர்களின் கையைப் பார்த்துக் கற்கும் வேலை இது.

ஒரு பொறி நம்மவர்கள் எல்லோரும் விழுவது: "உயிரோடு பிடித்துத் தூரக் காட்டில் விட்டுவிடலாமே" என்ற எண்ணம். உயிரோடு பிடித்ததை 24 மணி நேரத்துக்குள், பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் விட வேண்டும் என்பது இங்கே விதி. அல்கொன்குயின் பூங்காவுக்குக் கொண்டுபோய் விடுவது குற்றம்.

3. எப்போது

பின் இலையுதிர்காலத்திலிருந்து ஐஸ் உருகும் வரை. பீவர் மே, ஜூன் மாதங்களில் குட்டி போடும். அந்தக் காலத்தில் தாயைப் பிடித்தால் குட்டிகள் வீட்டுக்குள்ளேயே பட்டினியால் சாகும். சேத நிவாரணம் என்ற பெயரில் கோடையிலும் செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் செய்வதில்லை, நீங்களும் செய்ய வேண்டாம். இன்னொரு காரணமும் உண்டு. வெயில் காலத்தில் அந்தத் தண்ணீர் முழுக்க ஆமைகள் நடமாடும். பிளாண்டிங் ஆமை போன்ற அருகிவரும் இனங்கள் இந்தப் பகுதியிலும் வாழ்கின்றன.

4. கண்ணியா, 330 பொறியா

கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது 330 என்று எண்ணிட்ட உடல் நெரிக்கும் பொறி. பத்து அங்குலச் சதுரம், இரண்டு பக்கமும் வலுவான சுருள்வில். தண்ணீருக்குள் சரியாக வைத்தால் விரைவாகக் கொல்லும். அதே வேகத்தில் உங்கள் முன்னங்கை எலும்பையும் முறிக்கும், நாயையும் கொல்லும். விறைத்த விரல்களோடு, மார்பளவு நீர்ச்சட்டை போட்டுக்கொண்டு, குளத்தில் தனியாக நின்று அதை விரிக்கும் வேலை புதியவருக்கு உகந்ததல்ல. ஒன்றின் விலையும் கண்ணியைப் போல எட்டு, பத்து மடங்கு வரும்.

கண்ணி இலேசானது, மலிவானது, பையில் ஒரு டசின் போகும், உங்கள் கையை உடைக்காது. ஆனால் கண்ணி தானாகக் கொல்வதில்லை. அது பிடித்து வைத்திருக்கும், அவ்வளவுதான். மரணம் எப்படி, எவ்வளவு விரைவில் வருகிறது என்பதை நீங்கள் கட்டும் விதம் முடிவு செய்கிறது. இதை மனதில் வாங்கிக்கொண்ட பிறகு அடுத்த படிக்கு வாருங்கள்.

5. கண்ணி வாங்கும்போது

வடம்: கல்வனைஸ் செய்த எஃகு வடம், 2.4 மி.மீ. தடிப்பு. கடையில் முப்பத்திரண்டில் மூன்று அங்குலம் என்று கேட்க வேண்டும். நான் முதலில் வாங்கியது 1.6 மி.மீ. வடம், முயலுக்கும் நரிக்கும் உரியது. பீவர் இழுத்து அறுப்பதைவிட உருண்டு முறுக்கி அறுக்கும். மெல்லிய வடம் அந்த முறுக்கில் இழை இழையாகப் போய்விடும். எனக்கு மிஞ்சியது கரையில் ஒரு குஞ்சம்போல விரிந்த நுனி. அந்த விலங்கு மீதிச் சுருக்கை உடம்பில் சுமந்துகொண்டு எங்கோ போயிருக்கும்.

பின்னல்: ஏழு இழை கொண்ட ஏழு புரி திரித்தது வளைந்து கொடுக்கும், முறுக்கைத் தாங்கும். பத்தொன்பது தனி இழைகள் கொண்ட ஒற்றைத் திரிப்பு விறைப்பாக நிற்கும், வேகமாக இறுகும். ஆனால் கூர்மையாக மடிந்தால் சீக்கிரம் உடையும். பீவருக்கு நான் முதல் வகையையே வாங்குகிறேன்.

பூட்டு: சுருக்கு ஒரு பக்கம் மட்டும் ஓட வைக்கும் சிறிய உலோகத் துண்டு. விலங்கு இழுப்பதை நிறுத்தியதும் தளரும் வகையும் உண்டு, தளராத வகையும் உண்டு. தண்ணீருக்குள் முடியும் வேலைக்குத் தளராதது வேண்டும். கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். சுருக்கை உங்கள் முன்னங்கையில் போட்டு மெல்ல இழுங்கள். தடங்கலில்லாமல் ஓடி இறுக வேண்டும். விட்டதும் பின்னால் நழுவக்கூடாது. கரகரவென்று இடறினால் அந்த டசினையே வாங்காதீர்கள்.

சுழலி: வடம் முறுக்கிக்கொள்ளாமல் சுற்றிக் கொடுக்கும் துண்டு. கண்ணியின் வால்முனையில் ஒன்று அவசியம், கட்டும் இடத்தில் இன்னொன்று இருந்தால் நல்லது. மலிவுக் கண்ணிகளில் இதைத்தான் மிச்சம் பிடிப்பார்கள்.

நீளம் ஒன்றேகால் மீற்றரிலிருந்து ஒன்றரை மீற்றர் வரை. தயாராகச் செய்தது ஒரு டசின் நான் கடைசியாக வாங்கியபோது ஏறக்குறைய நாற்பது டொலர். ஒரு கண்ணி ஒரு விலங்குக்கு மட்டும் என்று கணக்குப் போடுங்கள். ஒருமுறை இறுகிய வடத்தில் நெளிவு விழுந்துவிடும். அதை நேராக்கித் திரும்ப வைத்தால் சுருக்கு பாதியில் நின்றுவிடும்.

இவற்றோடு கண்ணியைக் காற்றில் தாங்கிப் பிடிக்க 3 மி.மீ. கம்பி ஒரு சுருள், குறடு, கம்பிவெட்டி, முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை. புதுக் கண்ணிகளை அப்பச்சோடா போட்ட தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்க வைத்து, வெளியே தொங்கவிட்டுக் காயவிடுங்கள். தொழிற்சாலை எண்ணெய் போகும், பளபளப்பும் மங்கும். சமையல் பாத்திரத்தை இதற்கு எடுக்க வேண்டாம்.

6. எங்கே வைப்பது

இரண்டு மாலை எதையும் வைக்காமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள். சூரியன் சாய்ந்தபின் தண்ணீரில் ஒரு வி வடிவக் கோடு வரும். அதன் முனைதான் தலை. அது எந்தக் கரையில் ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பகலில் போனால் அந்த இடத்தில் சேறு வழவழவென்று தேய்ந்து ஈரமாக இருக்கும். பட்டை உரித்த தடிகள் வெண்ணெய் நிறத்தில் மிதக்கும். தடி சாம்பல் நிறமாகிவிட்டிருந்தால் அந்த வழி பழையது.

எனக்குப் பலன் தந்த இடங்கள் மூன்று. அணையின் மேல் விளிம்பில் பீவர் ஏறி இறங்கும் தாழ்ந்த பள்ளம் முதலாவது. குளத்திலிருந்து மரங்களை நோக்கி அது தோண்டியிருக்கும் ஒடுக்கமான வாய்க்கால் இரண்டாவது. இதுதான் மிக நல்ல இடம், ஏனென்றால் இரண்டு பக்கமும் மண் சுவர், விலங்கு வேறு வழியில் போக முடியாது. மூன்றாவது, அது தன் வாசனையைப் பூசி வைக்கும் சேற்றுக் குவியல். வசந்தத் தொடக்கத்தில் கரையோரம் இவற்றைப் பார்க்கலாம். இனிப்பும் புகையும் கலந்தாற்போல ஒரு மணம் வரும், ஒருமுறை முகர்ந்தால் மறக்காது.

சுருக்கின் விட்டம் 23 முதல் 25 செ.மீ. வரை இருக்கட்டும். நீரில் நீந்தி வரும் வழியில் சுருக்கின் பாதி நீருக்குள்ளும் பாதி வெளியிலும் நிற்க வேண்டும். தரையில் ஏறும் வழியில் அடிப்பகுதி நிலத்திலிருந்து ஐந்தாறு செ.மீ. மேலே இருக்கட்டும். பீவர் தலையைத் தாழ்த்தியே நடக்கும். உயர வைத்தால் முதுகால் தள்ளிக்கொண்டு போய்விடும். எனக்கு முதல் வாரம் முழுக்க அப்படியே நடந்தது.

நடைபாதை, நாய் போகும் வழி, மான் தண்ணீர் குடிக்கும் இடம் ஆகியவற்றில் ஒருபோதும் வைக்காதீர்கள். காணி வாசலில் ஓர் எச்சரிக்கைப் பலகை வையுங்கள்.

7. ஆழத்துக்குக் கொண்டுபோகும் கட்டு

இந்தப் படியைத் தவிர்த்தால் கண்ணியையே தவிர்த்துவிடுங்கள்.

முதல் குளிர்காலம் வருவதற்கு முன் ஒருநாள், அணைப் பள்ளத்தில் ஒரு கண்ணியை வைத்துப் பக்கத்தில் நின்ற சிறு மரத்தில் கட்டினேன். மறுநாள் காலை போனபோது பீவர் இடுப்பில் அகப்பட்டு உயிரோடு இருந்தது. மரத்தைச் சுற்றி வடம் எட்டிய தூரம் வரை ஒரு புல் மிஞ்சாமல் மண் உழப்பட்டிருந்தது. அது என்னைப் பார்த்து வாலைத் தரையில் அடித்தது; தண்ணீரில் அடித்துத் தன் குடும்பத்துக்கு ஆபத்தைச் சொல்லும் அதே அடி. பக்கத்துக் காணியில் இருக்கும் வயதான பொறிவேட்டைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் வந்து அதை முடித்துவைத்தார். பிறகு நெடுநேரம் பேசாமல் நின்றுவிட்டு, என்னை வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சறுக்குக் கம்பியை எப்படிக் கட்டுவது என்று காட்டினார்.

அதன் வேலை இதுதான். கரையில் ஒரு முளை. அதிலிருந்து குறைந்தது ஒரு மீற்றர் ஆழமுள்ள இடத்துக்கு இன்னொரு தடித்த வடம் ஓடும். ஆழத்தின் முனையில் இருபது கிலோ மணல்மூட்டை. அந்த வடத்தில் கண்ணியின் வாலைக் கோத்து, ஆழத்தை நோக்கி மட்டும் ஓடும் எல் வடிவத் தகடு ஒன்றைப் பூட்டுவார்கள். அகப்பட்ட பீவர் பழக்கப்படி ஆழத்துக்குப் பாயும். தகடு அதோடு இறங்கும், மேலே திரும்பாது. பீவர் பதினைந்து நிமிடம் வரை மூச்சடக்கக் கூடியது என்பதால் இதையும் வலியற்ற மரணம் என்று நான் சொல்லமாட்டேன். கரையில் இரவெல்லாம் கிடப்பதைவிட மிகக் குறைந்த துன்பம். அதனால்தான் கண்ணி வைத்த நாட்களில் காலை விடிந்ததும் போய்ப் பார்ப்பதை நான் தவறவிடுவதில்லை. போக முடியாத நாள் வருகிறதென்றால் முதல் நாளே எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

முளைக்குப் பச்சை மரத்தை வெட்டாதீர்கள். பாப்லர், வில்லோ முளைகளைப் பீவர் உணவாகவே பார்க்கும். காய்ந்த ஊசியிலை மரம் அல்லது இரும்புக் கம்பி எடுங்கள்.

8. ஐஸுக்குக் கீழே

ஐஸ் மெல்லியதாக இருக்கும் முதல் நாட்களில் கரையிலிருந்து உற்றுப் பாருங்கள். வீட்டிலிருந்து வெளியே போகும் பாதை நெடுகிலும் வெள்ளை நிறக் காற்றுக் குமிழிகள் ஐஸின் அடியில் ஒட்டியிருக்கும். பீவர் நீந்தும்போது விட்ட மூச்சு அது. அந்தக் கோட்டை ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். பனி மூடிய பிறகு அது தெரியாது.

ஐஸ் பதினைந்து செ.மீ. தெளிவாக உறைந்த பிறகே கால் வையுங்கள். பீவர் வீட்டருகிலும் குமிழிக் கோட்டின் மேலும் ஐஸ் எப்போதும் மெலிவாகவே இருக்கும். தனியாகப் போகாதீர்கள், உள்ளே விழுந்தால் ஐஸில் குத்திப் பிடித்து ஏற உதவும் ஆணிகளைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் துளை வெட்டி, காய்ந்த நீண்ட தடியொன்றைக் குளத்தின் அடிமண்ணில் ஊன்றுங்கள். தடியின் நடுவே புதிதாக வெட்டிய பாப்லர் கிளையைக் கம்பியால் இறுக்கமாகக் கட்டி, அதன் இருபுறமும் இரண்டிரண்டு கண்ணிகளை விரித்து வையுங்கள். எல்லாம் ஐஸின் அடிப்பகுதியிலிருந்து அரை மீற்றராவது கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஐஸ் தடிக்கும்போது சுருக்கு அதற்குள் உறைந்துவிடும். தடியின் மேல்முனையைக் குறுக்குக் கட்டையோடு கட்டி ஐஸின் மேல் கிடத்துங்கள். கிளையை நூலால் கட்டினால் பீவர் நூலைக் கடித்து, கிளையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடும்.

9. பிடித்த பிறகு

கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பீவரிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்கள் உண்டு. அந்தக் குளத்துத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிப்பதும் கூடாது. அனுமதிப்பத்திரம் இல்லாதவர் ரோமத்தை விற்க முயல வேண்டாம். இறைச்சியைச் சாப்பிடுபவர்கள் இங்கே பலர் உண்டு. உங்களுக்கு வேண்டாமென்றால் அமர்த்திய பொறிவேட்டைக்காரரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். அவரோடு விலை பேசும்போது மூன்று கேள்விகள்: கட்டணம் ஒரு விலங்குக்கா, ஒரு வருகைக்கா? தினமும் வந்து பார்ப்பீர்களா? உடலை யார் எடுத்துச் செல்வது?

அணையை ஒரே நாளில் உடைக்காதீர்கள். கீழே இருக்கும் அயலவரின் வேலியும் மதகும் அடித்துக்கொண்டு போனால் செலவு உங்கள் தலையில் விழும். மேல் விளிம்பிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு சாண் அளவு எடுங்கள், தண்ணீர் இறங்கி நிற்கும் வரை காத்திருங்கள், பிறகு அடுத்த சாண். எங்கள் குளத்துக்கு அது ஒன்பது நாள் எடுத்தது. பத்தாம் நாள் மதகுக் குழாயின் வாயில் கம்பிவேலியைப் போட்டோம்.